புள்ளியியல் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும் முன் கணிதத்தை எந்த வரிசையில் படிப்பது? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு முழு வழிகாட்டி

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ முடித்து, எம்.எஸ்சி.யில் இருந்துகொண்டு பிஎச்.டி. பற்றி யோசிப்பவர்களுக்காக இது. 80, 85 சதவீதம் வைத்திருப்பவர்களே சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அது படிக்கும் வரிசை. மெஷர் தியரி புத்தகத்தோடு ஆரம்பித்து, மூன்றாவது அத்தியாயத்தில் மூச்சுத் திணறி, திரும்பி வந்து அனாலிசிஸின் அரிச்சுவடியான எப்சிலான்–டெல்டா படிப்பதற்குள் விண்ணப்பிக்க வேண்டிய டிசம்பர் வந்துவிடும். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்க்கத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகளும். நீங்கள் சேர்ந்த ஆண்டின் ரெகுலேஷன்படி உள்ள சிலபஸ். இப்போது கல்லூரி இணையதளத்தில் இருப்பது வேறு ரெகுலேஷனாக இருக்கலாம். மேலே போட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். கோடு போடாத 200 பக்க நோட்டு இரண்டு. 17 மாதம்.

ஏன் 17? எம்.எஸ்சி. முதலாண்டு ஜூலையில் ஆரம்பித்தால் இரண்டாமாண்டு டிசம்பர் வரை அவ்வளவுதான் கிடைக்கும். அமெரிக்கத் துறைகள் பலவற்றுக்கு விண்ணப்பக் கடைசி நாள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரிக்குள் விழுகிறது. நடுவில் மூன்று செமஸ்டர் தேர்வுகள் வரும். அந்த வாரங்களைக் கழித்தால் உண்மையில் படிக்கக் கிடைப்பது ஏறக்குறைய 58 வாரம். கீழே சொல்லும் வாரக் கணக்கு 54-க்குள் அடங்கும்.

2. பேப்பர்களை உள்ளடக்கத்தால் பட்டியல் போடுங்கள்

மார்க் ஷீட்டில் 'கோர் பேப்பர் 9' என்றோ 'அல்லைட் 2' என்றோ இருப்பது வெளியூர்ப் பேராசிரியருக்கு ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன தலைப்புகள், எத்தனை மணி நேரம், ப்ரூஃப் (நிரூபணம்) உண்டா இல்லையா, என்ன மார்க்.

இந்தப் பட்டியலைப் போட்டதும் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். புள்ளியியல் மாணவர்களுக்கும் கணித மாணவர்களுக்கும் ஓட்டைகள் நேர் எதிர். புள்ளியியல் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கணிதம் முதலாண்டு அல்லைடோடு முடிந்திருக்கும்: மேட்ரிக்ஸ், வகையீடு, தொகையீடு, கொஞ்சம் திரிகோணமிதி, எல்லாம் கணக்காக, ப்ரூஃப் இல்லாமல். ரியல் அனாலிசிஸ் ஒரு பேப்பர் இருந்தால் அதிர்ஷ்டம். கணிதம் படித்தவர்களிடம் அனாலிசிஸ் இரண்டு பேப்பர் இருக்கும். நிகழ்தகவு மட்டும் அல்லைட் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் சராசரி, ஒட்டுறவு, கை-ஸ்கொயர் டெஸ்ட் என்ற அளவில் நின்றிருக்கும். முதல் வகையினர் படி 5-இலும் 6-இலும் நேரம் போட வேண்டும், இரண்டாம் வகையினர் படி 7-இல்.

3. எங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தியாவில் தேர்வு பேசும், வெளிநாட்டில் டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் முழு மதிப்பெண் பட்டியல்) பேசும். இரண்டுக்கும் படிப்பது ஒன்றேதான். காட்டும் விதம் வேறு.

காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் புள்ளியியல் துறை இருக்கிறது. 2024–25 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்று யு.ஜி.சி. அறிவித்திருப்பதால், நெட் எழுதாமல் இந்தப் பாதையை யோசிக்காதீர்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் கணித அறிவியல் தாள் 200 மார்க். அதில் 95 மார்க் சி பகுதிக்கு. அங்கே ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் 4.75 மார்க். தேற்றத்தை ஒப்பித்து இதைத் தாண்ட முடியாது. எந்த நிபந்தனை இல்லாவிட்டால் தேற்றம் உடையும் என்பதைத்தான் அந்தப் பகுதி முழுக்கக் கேட்கிறது. கேட் தேர்வில் 2019 முதல் புள்ளியியலுக்குத் தனித் தாள் உண்டு. ஐ.எஸ்.ஐ.யின் (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) எழுத்துத் தேர்வு மே மாதத்தில் வரும். அங்கே ப்ரூஃப் எழுதச் சொல்லுவார்கள்.

வெளிநாட்டுக்கு என்றால் ஒரு முன்னெச்சரிக்கை. நம் பி.எஸ்சி. பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பு. நான்காண்டு இளங்கலையை எதிர்பார்க்கும் துறைகள் பல. எம்.எஸ்சி.யும் சேர்ந்தால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு துறையின் விதியையும் தனித்தனியே படித்த பிறகே விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள். கட்டிய பணம் திரும்பி வராது.

4. பல மாறிக் கால்குலஸ்: 4 வாரம்

புதிதாகப் படிப்பதல்ல, துருவைத் துடைப்பது. பகுதி வகையீடு, லக்ராஞ்சு பெருக்கி, இரட்டைத் தொகையீடு, ஜாக்கோபியன். இவ்வளவு போதும். ஸ்டோக்ஸ் தேற்றம், காஸ் தேற்றம் எல்லாம் புள்ளியியலுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

பிழை வருவது எப்போதும் ஒரே இடத்தில். எக்ஸ், ஒய் இரண்டும் சாராத, சராசரி 1 உள்ள எக்ஸ்பொனென்ஷியல் மாறிகள். கூட்டுத்தொகையை யு என்றும், எக்ஸ் அந்தக் கூட்டுத்தொகையில் எத்தனை பங்கு என்பதை வி என்றும் வையுங்கள். ஜாக்கோபியன் யு என்று வரும். அதை எல்லாரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். புதிய எல்லை என்ன என்று எழுத மறந்துவிடுவார்கள். யு பூஜ்யத்துக்கு மேல், வி 0-க்கும் 1-க்கும் இடையில் என்று எழுதிய மறுகணம் கணக்கு இரண்டாகப் பிரிந்து, வி சீரான பரவல் என்பதும், அது யு-வைச் சாராதது என்பதும் தானாக வந்து நிற்கும். எல்லையைப் படம் போட்டு எழுதாமல் ஒரு ஜாக்கோபியன் கணக்கையும் மூடாதீர்கள்.

5. லீனியர் ஆல்ஜிப்ரா, ப்ரூஃபோடு: 10 வாரம்

அனாலிசிஸுக்கு முன்னால் இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே ப்ரூஃபுகள் குட்டையானவை. நான்கைந்து வரியில் முடியும். எழுதும் பழக்கம் இங்கே கைவந்துவிட்டால் அனாலிசிஸில் பாதிச் சுமை குறையும்.

நம் ஊர்ப் பேப்பர்களில் மேட்ரிக்ஸ் என்றால் ரேங்க் கண்டுபிடி, ஐகன் மதிப்பு கண்டுபிடி, கேலி–ஹாமில்டன் சரிபார். மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸைக் கையால் போடுவதில் நம் பிள்ளைகளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. தேவைப்படுவதோ வேறு: வெக்டர் வெளி, அடிப்படை, பரிமாணம், லீனியர் மேப், ரேங்க்–நல்லிட்டி, உள்பெருக்கம், செங்குத்து வீழல், சமச்சீர் மேட்ரிக்ஸுக்கான ஸ்பெக்ட்ரல் தேற்றம், பாசிட்டிவ் டெஃபினிட், சிங்குலர் வேல்யூ பிரிப்பு.

மாதிரிக்கு ஒன்று. ரிக்ரெஷனில் டேட்டா மேட்ரிக்ஸ் எக்ஸ். அதன் டிரான்ஸ்போஸை எக்ஸால் பெருக்கி வரும் மேட்ரிக்ஸுக்கு இன்வர்ஸ் எப்போது இருக்கும்? 'டிட்டர்மினன்ட் பூஜ்யமாக இல்லாதபோது' என்று சொன்னால் பாதி விடைதான். பெருக்கிய மேட்ரிக்ஸ் ஒரு வெக்டர் வி-யைப் பூஜ்யமாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வி-யின் டிரான்ஸ்போஸால் பெருக்குங்கள். கிடைப்பது எக்ஸ்-வி என்ற வெக்டரின் நீளத்தின் வர்க்கம், அது பூஜ்யம். ஆகவே எக்ஸ்-வி பூஜ்யம். எக்ஸின் நிரல்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால் வி-யே பூஜ்யம். முடிந்தது. இந்த ஒரே நகர்வு, இடப்பக்கம் பெருக்கி நீளமாக்குவது, பிஎச்.டி. முதலாண்டில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணி மாளாது.

அடுத்து, ரிக்ரெஷனில் கவனித்த மதிப்புகளைப் பொருத்திய மதிப்புகளாக மாற்றும் ஹேட் மேட்ரிக்ஸ். அதைத் தன்னாலேயே பெருக்கினால் அதுவே வருகிறது. ஆகவே அதன் ஐகன் மதிப்புகள் 0 அல்லது 1. ட்ரேஸ் என்பது 1-களின் எண்ணிக்கை. அது எக்ஸின் நிரல்களின் எண்ணிக்கையான பி. மொத்த மாதிரி எண்ணிக்கையான என்-இலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் பிழைக்கான டிகிரி ஆஃப் ஃப்ரீடம். பி.எஸ்சி.யில் 'என் கழித்தல் பி' (n − p) என்று மனப்பாடம் செய்ததற்கு இங்கேதான் காரணம் கிடைக்கும்.

6. ரியல் அனாலிசிஸ்: 20 வாரம்

இதுதான் நடுத்தூண். சேர்க்கைக் குழுவினர் டிரான்ஸ்கிரிப்டில் முதலில் விரல் வைத்துத் தேடும் பேப்பர் இது. இதில் நல்ல மார்க் இருந்து வேறொன்றில் குறைந்தால் மன்னிப்பு உண்டு. தலைகீழாக இருந்தால் கஷ்டம்.

உள்வரிசை: சுப்ரீமம், தொடர்வரிசை, லிம்சூப், தொடர், மெட்ரிக் வெளியும் காம்பாக்ட் தன்மையும், தொடர்ச்சி, சீரான தொடர்ச்சி, வகையீடு, மீதி உறுப்போடு டெய்லர் தேற்றம், ரீமான் தொகையீடு, கடைசியாகச் சார்புகளின் சீரான குவிவு. லிம்சூப்பைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். செமஸ்டரில் ஐந்து மார்க்கைத் தாண்டி வராது என்பதால். பின்னால் நிகழ்தகவில் வரும் போரெல்–கான்டெல்லி லெம்மா முழுக்க லிம்சூப் என்பது அப்போது தெரிவதில்லை.

படிக்கும் முறையை மாற்றவில்லை என்றால் 20 வாரமும் வீண். நம் தேர்வு 'ஸ்டேட் அண்ட் ப்ரூவ்' தேர்வு. பத்து மார்க் கேள்விக்கு ஹெய்ன்–போரெல் தேற்றத்தை வரி பிசகாமல் ஒப்பித்து வந்தவருக்கு, அதே தேற்றத்தைத் திறந்த இடைவெளிக்குக் கேட்டால் பேனா நகராது. ஆகவே ஒரு நாளைக்கு ஒரே தேற்றம். முதல் பக்கத்தில் தேற்றத்தை எழுதுங்கள். அதன் நிபந்தனைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டு, தேற்றம் உடையும் ஓர் எதிர்எடுத்துக்காட்டைக் கண்டுபிடியுங்கள். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு உச்சத்தைத் தொடும். 'மூடிய' என்ற சொல்லை எடுங்கள்: 0-க்கும் 1-க்கும் இடையில் 1/எக்ஸ், உச்சமே இல்லை. அதன் பிறகு ப்ரூஃபைப் படித்து, அந்த நிபந்தனை எந்த வரியில் செலவாகிறது என்று அடிக்கோடு போடுங்கள். அந்த வரி கிடைக்கவில்லையா? ப்ரூஃப் இன்னும் புரியவில்லை.

மிகவும் அடிபடும் இடம் 'ஒவ்வொன்றுக்கும்', 'ஒன்று உண்டு' என்ற இரண்டின் வரிசை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஏற ஒரு பஸ் உண்டு என்பது ஒன்று. எல்லாரும் ஏற ஒரே பஸ் உண்டு என்பது வேறு. தொடர்ச்சி முதல் வாக்கியம்: புள்ளிக்குப் புள்ளி டெல்டா மாறலாம். சீரான தொடர்ச்சி இரண்டாவது: எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா. எக்ஸ் வர்க்கம் என்ற சார்பு மெய்யெண் கோடு முழுவதிலும் ஏன் சீரானதல்ல? என் என்ற புள்ளியையும் என் + 1/என் என்ற புள்ளியையும் எடுங்கள். இடைத்தூரம் சுருங்கிக்கொண்டே போகிறது. வர்க்கங்களின் வித்தியாசமோ 2-ஐவிடக் கூடுதலாகவே நிற்கிறது. எந்த டெல்டாவும் எல்லா இடத்துக்கும் போதாது. இந்த மூன்று வரியை நோட்டைப் பார்க்காமல் எழுத முடிந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஒன்று செய்யுங்கள். ப்ரூஃபை முதலில் வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து. தடுமாறாமல் சொல்ல வந்தபின் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ப்ரூஃப் எழுதத் தேவைப்படும் ஆங்கில வாக்கிய அமைப்புகள் முப்பதுக்குள்தான். தவறு ஆங்கிலத்திலா, வாதத்திலா என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

கோடை விடுமுறையில் 4 வாரம் ஒதுக்க முடிந்தால், 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். (MTTS) என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே ஒப்பித்தால் அடுத்த கேள்வி விழும்.

7. நிகழ்தகவும் கணிதப் புள்ளியியலும், மெஷர் இல்லாமல்: 12 வாரம்

பரவல்கள், நிபந்தனை எதிர்பார்ப்பு, மொமென்ட் ஜெனரேட்டிங் ஃபங்ஷன், குவிவு வகைகள், சென்ட்ரல் லிமிட் தேற்றம், போதுமான புள்ளியியல், மேக்சிமம் லைக்லிஹுட், நேமன்–பியர்சன் லெம்மா.

கருத்தை ஒட்டிப் பிடிக்க ஒரே கணக்கைப் பல முனையில் போடுவது நல்லது. 0 முதல் தீட்டா வரை சீரான பரவலிலிருந்து என் (n) எண்ணிக்கையில் மாதிரிகள். தீட்டாவின் மேக்சிமம் லைக்லிஹுட் மதிப்பு என்ன? கை தானாக லாக் எடுத்து வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமன் செய்யப் போகும், விடையே வராது. லைக்லிஹுட் தீட்டா கூடக் கூட இறங்கிக்கொண்டே போகும் சார்பு, ஆனால் தீட்டா மாதிரிகளில் மிகப் பெரியதைவிடக் குறையக் கூடாது. ஆகவே விடை அந்த மிகப் பெரிய மதிப்பேதான். இங்கேயும் பிழை எல்லையை மறந்ததில்தான், படி 4-இல் சொன்னதே.

அதோடு விடாதீர்கள். தீட்டாவை 1 என்று வைத்து, 1-இலிருந்து அந்த மிகப் பெரிய மதிப்பைக் கழித்து, என்-ஆல் பெருக்குங்கள். அது டி-யைவிடப் பெரிதாக இருக்கும் நிகழ்தகவு, (1 − டி/என்) என்பதன் என்-ஆம் அடுக்கு. என் பெருகப் பெருக அது எக்ஸ்பொனென்ஷியல் மைனஸ் டி-க்குப் போகிறது. நார்மல் வரவில்லை! வேகமும் ரூட் என் இல்லை, என். எல்லாம் கடைசியில் நார்மல்தான் என்று பி.எஸ்சி.யிலிருந்து கூடவே வந்த நம்பிக்கை இங்கே உடைகிறது. எந்த நிபந்தனை மீறப்பட்டதால் வழக்கமான தேற்றம் வேலை செய்யவில்லை என்று அரைப் பக்கம் எழுதுங்கள். பரவலின் எல்லையே தீட்டாவைச் சார்ந்திருக்கிறது என்பதுதான் அந்த அரைப் பக்கத்தின் சாரம்.

8. மெஷர் தியரி: 8 வாரம், அதுவும் கடைசியில்

விண்ணப்பத்துக்கு இது கட்டாயமில்லை. பெரும்பாலான துறைகள் முதலாண்டிலோ இரண்டாமாண்டிலோ தாங்களே நடத்துகின்றன. எம்.எஸ்சி.யில் பேப்பராக வந்தால் நல்ல மார்க் எடுங்கள். வராவிட்டால் சிக்மா ஆல்ஜிப்ரா, லெபேக் தொகையீடு, மூன்று குவிவுத் தேற்றங்கள், ஃபுபினி, இவற்றோடு நிறுத்துங்கள்.

ஒரு சோதனை. 0-க்கும் 1/என்-க்கும் இடையில் உயரம் என், மற்ற இடமெல்லாம் பூஜ்யம் என்ற சார்பு. பரப்பு எப்போதும் 1. ஆனால் எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் சார்பு கடைசியில் பூஜ்யம். லிமிட்டையும் தொகையீட்டையும் இடம் மாற்றினால் 1 பூஜ்யத்துக்குச் சமம் என்று வருகிறது. டாமினேட்டட் கன்வர்ஜென்ஸ் தேற்றம் கேட்கும் மேல்மூடி இங்கே ஏன் கிடைக்காது என்று சொல்ல முடியாதவர் படி 6-க்குத் திரும்ப வேண்டும்.

9. ப்ரோக்ராமிங்

ஆர் அல்லது பைத்தான், ஒன்று போதும். படி 7-இல் வந்த கணக்கை 10,000 தடவை சிமுலேட் செய்து ஹிஸ்டோகிராம் போடத் தெரிந்தால் விண்ணப்பத்துக்குப் போதுமானது. மெஷின் லெர்னிங் சர்டிபிகேட்டுகளை அடுக்குவதில் வாரங்களைக் கரைக்காதீர்கள். அனாலிசிஸ் பேப்பரில் சி கிரேடு இருக்கும்போது அவை எடுபடுவதில்லை.

10. படித்ததைக் காட்டுவது

ஓட்டையை அடைக்கத் தனியே படித்ததற்கு ஒரு சாட்சி வேண்டும். சுலபமான சாட்சி, ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல். நடத்தும் 12 வாரப் பாடம். சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. வாரங்களைத் தவறவிட்டாலும் 12-இல் சிறந்த 8 அசைன்மென்ட்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். தேர்வுக்குப் பதிவு செய்யும் தேதியைத் தவறவிட்டு, பாடம் முழுக்கப் பார்த்தும் சான்றிதழ் இல்லாமல் நிற்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஜி.ஆர்.இ. கணிதப் பாடத் தேர்வு: 66 கேள்வி, 2 மணி 50 நிமிடம், பாதி கால்குலஸ். வெளியே அதிகம் தெரியாத கல்லூரியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு நல்ல மதிப்பெண் கை கொடுக்கும். சுமாரான மதிப்பெண் வந்து, துறை கட்டாயம் என்று கேட்கவில்லை என்றால், அனுப்பாமல் விடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. அதில் ஒன்றாவது அனாலிசிஸோ லீனியர் ஆல்ஜிப்ராவோ நடத்தியவரிடமிருந்து வர வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காக, உங்கள் முகமே நினைவில்லாதவரிடம் போய் நிற்காதீர்கள். 'ஒழுக்கமானவர், வகுப்புக்கு ஒழுங்காக வருவார்' என்ற கடிதம் உதவாது. நீங்கள் போட்ட ஒரு கடினமான கணக்கையோ, செமினாரில் நடத்திய தலைப்பையோ அவர் குறிப்பிட வேண்டும். அதற்கு அவருக்கு விவரம் தேவை. படி 2-இன் பட்டியல், இரண்டு ப்ரூஃப் எழுதிய தாள், கடைசி நாள் அட்டவணை, மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு செப்டம்பரிலேயே கொடுங்கள். 'சார், மேடம், நவம்பர் 20-க்குள் ஏற்றினால் போதும்' என்று தேதியோடு கேளுங்கள். கடிதத்தை ஏற்றப் பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பு மெயில் ஸ்பாமில் விழுந்திருக்கிறதா என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடுவது நல்லது.

டிரான்ஸ்கிரிப்டுக்கு ஆகஸ்டிலேயே பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் விண்ணப்பியுங்கள். பி.எஸ்சி. ஒரு பல்கலைக்கழகம், எம்.எஸ்சி. இன்னொன்று என்றால் இரண்டு இடத்துக்கும் நடை. மூல மார்க் ஷீட்டுகளைக் கையில் கொண்டு போங்கள், ஜெராக்ஸ் இரண்டு செட். மார்க் ஷீட், பாஸ்போர்ட், ஆதார் மூன்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள். தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக விரிந்து, மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்தாக நிற்பது நம்மூரில் சாதாரணம். ஜி.ஆர்.இ. பதிவு பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வு மையத்தில் உள்ளே விடமாட்டார்கள்.

பேப்பர் விவரம் கேட்கும் துறைகளுக்குப் படி 2-இன் பட்டியலை ஒரு பக்க பி.டி.எஃப். ஆக ஏற்றுங்கள். பாடப்பெயர், தலைப்புகள், மார்க், அவ்வளவே. நடந்துகொண்டிருக்கும் பேப்பர்களையும் 'இப்போது படிப்பது' என்று குறிப்பிடுங்கள். டிசம்பரில் விண்ணப்பிக்கும்போது மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்திருக்காது. அது வந்த அன்றே துறைக்கு மெயில் அனுப்பலாம். ஜனவரி கடைசி வரை அனுப்பினால் பெரும்பாலும் ஃபைலில் சேர்த்துக்கொள்வார்கள்.

உதவித்தொகையோடு இடம் கிடைத்தால், அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட பொது ஒப்பந்தப்படி ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. அதற்கு முன்பே முடிவைச் சொல் என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்தப் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.